நீலப் பாத்திரம் வந்த வழி

அறுவடை முடிந்துவிட்டது. சோளக்கொல்லைகளில் தட்டைகள் மட்டும் நின்றன. நேற்றுவரை பொன்னாய் அசைந்த நிலம், இன்று பழுப்புப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தது. ஏரியின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி, கண்ணாடி வளையல் போல வளைந்து கிடந்தது. காட்டு வாத்துகள் அம்பு வடிவில் அணிவகுத்துத் தெற்கே பறந்தன. கடைசி அணியும் கடந்தபின், பாட்டு முடிந்த ஆலயம் போல வானம் அடங்கியது. மினசோட்டாவில் முன்பனிக் காலம் அப்படித்தான் வரும். கதவைத் தட்டாது. வாசலில் வந்து பேசாமல் நிற்கும்.

அந்த அமைதி பத்து வயதுச் சிக்னி தோர்சனுக்குப் பிடிக்கவில்லை. அவள் மனத்துக்குள் ஒரு கேள்வி ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, லார்க்ஸன் உயர்நிலைப் பள்ளியின் முதல் கூடைப்பந்துப் போட்டி. அதில் அக்கா ஆஸ்ட்ரிட் ஆடுவாளா, மாட்டாளா?

அவர்கள் ஆகஸ்டு மாதம்தான் லார்க்ஸனுக்கு வந்திருந்தார்கள். அதற்கு முன் நாற்பது மைல் தள்ளி, டுல்பியில் இருந்தார்கள். டுல்பியின் சர்க்கரை ஆலை மூடப்பட்டதும், அப்பா லைலுக்கு லார்க்ஸன் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

மாநில விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. பள்ளி மாறிய மாணவர் ஓராண்டு போட்டியில் ஆடக்கூடாது. குடும்பம் முழுவதும் வீடு மாறி வந்திருந்தால் ஆடலாம். ஆனால் புதுப் பள்ளியின் பயிற்சியாளர் ஆசை காட்டி வரவழைத்திருந்தால், அந்தச் சலுகையும் கிடையாது. அதற்கு ‘ஆள் இழுப்பது’ என்று பெயர்.

டுல்பியிலிருந்து யாரோ சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். ‘லார்க்ஸன் பயிற்சியாளர் ஹாகன் எங்கள் ஆஸ்ட்ரிட்டை இழுத்துக்கொண்டார்’ என்று.

ஆஸ்ட்ரிட்டுக்குப் பள்ளியில் இதுதான் கடைசி ஆண்டு. இந்த ஆண்டு போனால் வேறு ஆண்டு இல்லை. டுல்பியிலேயே அத்தை வீட்டில் தங்கி அவள் படிப்பை முடித்திருக்கலாம். அப்படித்தான் முதலில் பேச்சு நடந்தது. சிக்னிதான் காருக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டு, “ஆஸ்ட்ரிட் வரலேன்னா நானும் வரல” என்று அடம்பிடித்தாள்.

அந்த அடம் இப்போது அவள் காலில் ஏறிய நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சங்கத்திலிருந்து மிசஸ் ரைனர் வந்தார். நீண்ட கறுப்புக் கோட்டு, சிறிய கைப்புத்தகம், கூராகச் சீவிய பென்சில். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

“நீதான் சிக்னியா? வீட்டைச் சுத்திக் காட்டுறியா?”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். நீங்க நெஜமாவே இங்க குடியிருக்கீங்களான்னு பாக்கணும். சில பேரு சும்மா ஒரு வீட்டைப் பிடிச்சு, வாசல்ல பேரை மட்டும் எழுதி வெச்சுடுவாங்க.”

“எங்க வாசல்ல பேரே இல்ல மேடம். அடுத்த வாரம் எழுதறேன்னு அப்பா ஆகஸ்டுலேருந்து சொல்லிட்டு இருக்காரு.”

மிசஸ் ரைனர் அதைக் குறித்துக்கொண்டார். கட்டில்களை எண்ணினார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாலைப் பார்த்தார். குளியலறையில் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

“வீட்ல நாலு பேருதானே? இங்க அஞ்சு பிரஷ் இருக்கே.”

“அஞ்சாவது பிஷப்போடது.”

“பிஷப்பா? அவர் இங்கயா தங்கியிருக்காரு?”

“பூனை மேடம். கழுத்துல மட்டும் பிஷப் காலர் மாதிரி வெள்ளையா இருக்கும். பல்லெல்லாம் வெளக்க மாட்டோம். முடி சீவி விடறதுக்கு.”

அதையும் மிசஸ் ரைனர் குறித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சமையலறைக்கு வரும்வரை.

அங்கே அம்மா காப்பி வடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்ட்ரிட் மேசையருகே நின்றாள். கழுவிய பாத்திரங்கள் துண்டின்மேல் கவிழ்ந்து கிடந்தன. அவற்றுள் ஒன்று, அடுப்பில் வைத்துச் சுடும் பெரிய நீல எனாமல் பாத்திரம். எத்தனை முறை கழுவினாலும் போகாத பழைய டேப் ஒன்று அதன் அடியில் ஒட்டியிருந்தது. டேப்பின்மேல் மையெழுத்து.

“எம். ஹாகன்,” என்று மிசஸ் ரைனர் படித்தார். பென்சில் நின்றது. “கோச் ஹாகனோட மனைவி பேரு மார்லிஸ் ஹாகன், இல்லையா?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். “ஆமாங்க. ஆனா இதை நான் டுல்பி மில்ட்ரெட் ஹாகனோடதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். டுல்பி சபையில மட்டும் ஏழு ஹாகன் குடும்பம். மில்ட்ரெட் மகன்கூட இருக்க அரிசோனா போயிட்டாங்க. திரும்பி வந்தா குடுக்கலாம்னு…”

“அப்போ டுல்பியிலயே இது உங்ககிட்ட இருந்துதா?”

அம்மா கைத்துண்டை மடித்து மேசைமேல் வைத்தாள்.

சிக்னிக்குப் புரிந்தது. ‘போன மாசம்தான் சாப்பாடு போட்டுக் குடுத்தாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஊரே சாப்பாடு கொண்டுவரும். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் ஆஸ்ட்ரிட்டைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள்.

“ஆமா. டுல்பியிலதான் இருந்துது. நானே துணி சுத்திப் பெட்டியில வெச்சேன்.”

“உங்ககிட்ட எப்படி வந்துது?”

“அதுதாங்க ஞாபகம் வரல.”

அந்தப் பக்கத்தில் யாரும் வெறும் பாத்திரத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. பயிற்சியாளர் வீட்டுப் பாத்திரம் டுல்பிக்குப் போயிருந்தால், அதற்குள் பயிற்சியாளர் வீட்டுச் சாப்பாடும் போயிருக்க வேண்டும். சாப்பாடு போயிருந்தால், பேச்சும் போயிருக்கும் அல்லவா? மிசஸ் ரைனர் இதையெல்லாம் சொல்லவில்லை. நீண்ட நேரம் எழுதினார்.

“திங்கக்கிழமை நாலு மணிக்கு, பள்ளி நூலகத்துல விசாரணை. அதுவரைக்கும் ரெண்டு குடும்பமும் இதைப் பத்தி ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாது. பாத்திரம் என்கிட்ட இருக்கட்டும்.”

அவர் வாசலைத் தாண்டும்போது சிக்னி பின்னால் ஓடினாள். அவள் கையில் ஐந்தாவது பிரஷ்.

“மேடம், நில்லுங்க. கோட்டு முழுக்க பிஷப்.”

மிசஸ் ரைனர் கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார். சிக்னி பூனை முடியை வாரி எடுத்தாள்.

“உங்க அக்காவை ஆட விடாமப் பண்ணப் போறவங்கன்னு என்மேல உனக்குக் கோவம் இல்லையா?”

“அதுக்குத்தான் வந்தீங்களா?”

“இல்ல. என்ன நடந்துதுன்னு பாக்கத்தான் வந்தேன்.”

“அப்போ நல்லாப் பாருங்க மேடம்,” என்றாள் சிக்னி. “இன்னொரு கையைக் காட்டுங்க.”

அன்று இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“ஒரு பாத்திரத்தால என் ஆட்டம் போகுது,” என்றாள் ஆஸ்ட்ரிட். “கால் உடைஞ்சு போயிருந்தாக்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.”

“ம்,” என்றார் அப்பா. அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு தபால்தலையின் பின்புறத்தில் எழுதிவிடலாம்.

“எல்லாம் என்னாலதான்,” என்றாள் சிக்னி. “நீ பாட்டுக்கு டுல்பியிலயே இருந்திருக்கலாம்.”

“அடி லூசு. அத்தை வீட்ல தெனமும் பீட்ரூட் ஊறுகாய். நான் தப்பிச்சு வந்திருக்கேன், தெரியுமா?”

ஆஸ்ட்ரிட் சிரித்தாள். ஆனால் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. சிக்னி அதைக் கவனித்தாள்.

ஞாயிறு காலை லார்க்ஸன் ஆலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சிக்னிக்கு மூன்று வயதிலிருந்தே ஒரு வழக்கம். ஆராதனை முறையும் சபைச் செய்திகளும் அச்சிட்ட அறிவிப்புத் தாள் கைக்கு வந்ததும், அதன் வெற்றுப் பக்கத்தில் படம் வரைவாள். கை வரைந்தால்தான் அவளுக்குக் காது கேட்கும்.

அன்று ஒரு மீன்பிடிப் படகை வரைந்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். கீழே சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது.

‘காணவில்லை: பச்சைக் கையுறை, இடது கை மட்டும். கண்டவர்கள் சமையலறை அலமாரியில் வைக்கவும்.’

சிக்னி புன்னகைத்தாள். வலது கையுறை தனியாக என்ன செய்துகொண்டிருக்கும்?

பென்சில் சட்டென்று நின்றது.

ஒற்றைக் கையுறை தொலைந்தாலே அறிவிப்புப் போடுகிறார்கள். அவ்வளவு பெரிய பாத்திரம் தொலைந்தால் சும்மாவா இருந்திருப்பார்கள்?

“அம்மா. டுல்பி அறிவிப்புத் தாளெல்லாம் எங்க?”

“ஷ்ஷ்.”

“நான் படம் வரைஞ்சதும்மா. எங்க வெச்சீங்க?”

“பாஸ்டர் பாக்கறாரு. பேசாம இரு.”

பிரசங்கம் இத்தனை நீளமாக எந்த ஞாயிறும் இருந்ததில்லை என்று சிக்னிக்குத் தோன்றியது.

வீட்டின் நிலவறையில், பிரிக்கப்படாத பெட்டிகளுக்கு அடியில் அது இருந்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில், ‘சிக்னி – முக்கியமில்லை’ என்று எழுதியிருந்தது.

“அப்பா, என்ன இது?”

அப்பா தலையைச் சொறிந்தார். “‘ஒடனே பிரிக்கற அளவுக்கு முக்கியமில்லை’ன்னு எழுதத்தான் நெனச்சேன். இடம் பத்தல.”

சிக்னியும் ஆஸ்ட்ரிட்டும் குளிர்ந்த தரையில் கம்பளியை விரித்து உட்கார்ந்தார்கள். ஏழு ஆண்டு ஞாயிறுகள் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன.

“இது யாரு, கடற்பசுவா?” ஆஸ்ட்ரிட் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

“டுல்பி பாஸ்டர் லுண்ட்.”

“இந்தத் தூங்குற கடற்பசு?”

“அதுவும் அவருதான். அன்னிக்கு ரொம்ப வெயில்.”

ஒவ்வொரு தாளையும் திருப்பி, அறிவிப்புகளைப் படித்தார்கள். தொலைந்த குடை. தொலைந்த மூக்குக்கண்ணாடி. தொலைந்து, தானே திரும்பி வந்த நாய். ஆஸ்ட்ரிட் கொட்டாவி விட்டாள். “விட்டுடலாம் எலிக்குட்டி. நீ இவ்வளவு பாத்ததே போதும்.”

“இன்னும் ஒரு கட்டுதான்.”

அந்தக் கட்டின் நடுவில் காகங்கள் இருந்தன. எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் பசியோடு இருந்தபோது, காகங்கள் அவருக்கு உணவு கொண்டுவந்த கதையைக் கேட்டுக்கொண்டே சிக்னி வரைந்த படம். ஏழு காகங்கள் வரிசையாகப் பறந்தன. ஒவ்வொன்றின் காலிலும் மூடியிட்ட ஒரு பாத்திரம்.

சிக்னி தாளைத் திருப்பினாள். மூச்சை இழுத்து, உரக்கப் படித்தாள்.

‘டுல்பி, லார்க்ஸன் சபைகள் கூடிய ஏரிக்கரை விருந்தில் மாறிப்போனது: நீல எனாமல் பாத்திரம், ஒரு மூலையில் எனாமல் உதிர்ந்தது. அதற்குப் பதிலாக, ஸ்ட்ராபெரிப் படம் போட்ட வெள்ளைப் பாத்திரம் எங்களிடம் உள்ளது. பெயர் இல்லை. – மார்லிஸ் ஹாகன், லார்க்ஸன்.’

தேதி, இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய ஜூலை மாதம்.

சத்தம் கேட்டு இறங்கிவந்த அம்மா, துணிக்கூடையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “என் ஸ்ட்ராபெரிப் பாத்திரம். அதைப் பழைய அடுப்போட தூக்கிப் போட்டுட்டாருன்னு உங்க அப்பாவை ரெண்டு வருஷமா திட்டிட்டு இருக்கேன்.”

“ம்,” என்றார் படியில் நின்ற அப்பா. அந்த ஒற்றை எழுத்தில் இரண்டு ஆண்டுப் பொறுமை இருந்தது.

“ஆனா அன்னிக்கு நான் ஏன் இதைப் படிக்கல?”

சிக்னி காதுவரை சிவந்தாள். “நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே நான் பிடுங்கிட்டேம்மா. காக்கா வரையறதுக்கு.”

திங்கட்கிழமை நான்கு மணி. நூலகத்தின் தாழ்ந்த மேசைக்கு அடியில் பயிற்சியாளர் ஹாகனின் நீண்ட கால்கள் அடங்கவில்லை. அவர் அருகே மார்லிஸ், மடியில் ஒரு பையை அணைத்தபடி இருந்தார். எதிரே தோர்சன் குடும்பம். நடுவில் நீலப் பாத்திரம், குற்றவாளியைப் போல.

“மிசஸ் ஹாகன், இது உங்களோடதா?” என்று மிசஸ் ரைனர் கேட்டார்.

“என்னோடதுதாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஏரிக்கரை விருந்துல மாறிப்போச்சு. யாருகிட்ட போச்சுன்னே தெரியாது.”

“அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?”

“டுல்பி சபைக்கு அறிவிப்பு அனுப்புனேன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு முந்தின அறிவிப்புத் தாளை யாருங்க எடுத்து வெச்சிருப்பாங்க?”

சிக்னி கையை உயர்த்தினாள். “நான்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்துபோய்த் தாளை மேசைமேல் வைத்தாள்.

மிசஸ் ரைனர் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார். பாத்திரத்தைச் சுற்றி, எனாமல் உதிர்ந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார். காகங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு பாத்திரத்துக்கு அடியிலயும் என்னமோ எழுதியிருக்கே?”

“காக்காவோட பேரு மேடம். இல்லேன்னா பாத்திரம் திரும்பி வராது.”

பயிற்சியாளர் ஹாகனுக்கு அப்போது பலமாக இருமல் வந்தது.

மார்லிஸ் பையைத் திறந்தார். ஸ்ட்ராபெரிப் படம் போட்ட வெள்ளைப் பாத்திரம் வெளியே வந்தது. “அறிவிப்புல சொன்னது இதைத்தாங்க. நல்லாத்தான் வெச்சிருந்தேன். ஆனா இதுல யாரு பேருமே இல்லையே.”

“டேப் ஒட்டணும் ஒட்டணும்னு நெனப்பேன், மறந்துடும்,” என்று அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். கதவைப் பூட்டாமல் தூங்குவதைவிட, பாத்திரத்தில் பெயர் ஒட்டாமலிருப்பது அங்கே பெரிய வெட்கம்.

மிசஸ் ரைனர் பென்சிலைக் கீழே வைத்தார். “ஆக, யாரும் யாருக்கும் எதையும் குடுக்கல. சங்கத்துக்குச் சொல்லாம ரெண்டு பாத்திரம் மட்டும் ஊர் மாறியிருக்கு. இருங்க, பேசிட்டு வரேன்.”

அவர் தொலைபேசியோடு வெளியே போனார். சுவர்க்கடிகாரம் நகர்ந்தது. ஆஸ்ட்ரிட் சிக்னியின் விரல்களைப் பற்றிக்கொண்டாள். பந்து பிடித்துப் பழகிய கை. இன்று அது ஈரமாக இருந்தது.

கதவு திறந்தது.

“டுல்பி பாஸ்டர்கிட்டயும் அதே தாள் இருக்காம். சங்கத்துல ஒத்துக்கிட்டாங்க. ஆஸ்ட்ரிட் தோர்சன் வெள்ளிக்கிழமை ஆடலாம்.”

யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. அந்த ஊர் மனிதர்கள் குதிப்பவர்கள் அல்லர். ஆனால் அறையிலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில், மேசைமேலிருந்த தாள் லேசாக அசைந்தது. ஆஸ்ட்ரிட் தங்கையின் கம்பளித் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிக்னியின் உச்சந்தலை வெதுவெதுப்பாக நனைந்தது. முள் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

“மோசமில்ல,” என்றார் அப்பா. அதற்கு மேலான புகழ்மொழி அவரிடம் இல்லை.

“மேடம், ஒரு சந்தேகம்,” என்றாள் சிக்னி. “இந்தப் பாத்திரத்தை கோச் வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும். வெறுமையா குடுக்க முடியாது. உள்ள ஏதாவது வெச்சுக் குடுத்தா விதிப்படி தப்பா?”

மிசஸ் ரைனர் விதிப்புத்தகத்தை எடுத்து, பக்கம் பக்கமாக, மிகவும் பொறுப்போடு புரட்டினார்.

“வெறும் பாத்திரமாத்தான் குடுக்கணும்னு எங்கயும் எழுதல.”

“அப்போ என் படம்?”

“இது கோப்புல இருக்கணும்.”

“திரும்பிக் கெடைக்குமா?”

மிசஸ் ரைனர் பென்சிலை அவளிடம் நீட்டினார். “அடியில உன் பேரை எழுது. அப்பதானே திரும்பி வரும்.” அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

புதன்கிழமை மாலை, நீலப் பாத்திரம் தன் வீட்டுக்குப் புறப்பட்டது. உள்ளே உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கடுக்காய்ப் பொன்னிறத்தில் வெந்திருந்தன. சிக்னி அதைத் துண்டில் பொதிந்து, மடியில் வைத்துக் காரில் கொண்டுபோனாள். ஹாகன் வீட்டு மேசையில் ஸ்ட்ராபெரிப் பாத்திரம் ஆப்பிள் பணியாரத்தோடு காத்திருந்தது. சிக்னி கையோடு கொண்டுபோயிருந்த டேப்பைக் கிழித்து, அதன் அடியில் ஒட்டினாள். பெயர், தெரு, ஊர், தொலைபேசி எண் எல்லாம் எழுதினாள். ஊர் என்னும் இடத்தில் ‘லார்க்ஸன்’ என்று எழுதும்போது கை தயங்கவில்லை.

“ஜெபம் யாரு பண்றது?” என்று மார்லிஸ் கேட்டார்.

“நான் பண்றேன்,” என்றார் அப்பா. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

ஆறு பேரும் கை கோத்துத் தலை தாழ்த்தினார்கள். இரண்டு பாத்திரங்களிலிருந்தும் ஆவி ஒன்றாக எழுந்தது. சன்னலுக்கு வெளியே அந்த ஆண்டின் முதற்பனி, ஓசையில்லாமல் இறங்கத் தொடங்கியது. அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமும் ஜெபம்தான் என்று சிக்னிக்குத் தெரிந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு அவருக்கு அருகே சாய்ந்தாள்.

“டுல்பியையும் சொல்லுங்கப்பா,” என்று கிசுகிசுத்தாள். “அவங்க இப்போ ஆஸ்ட்ரிட் இல்லாம ஆடறாங்க.”

அப்பா அவள் தலைமேல் கையை வைத்தார்.

“ஆண்டவரே, வந்தவங்க பசியாறட்டும். போனவங்களுக்கு நல்ல வழி கெடைக்கட்டும். டுல்பிப் பிள்ளைங்களும் நல்லா ஆடட்டும். எல்லாப் பாத்திரமும் நெறஞ்சு, அதது வீடு போய்ச் சேரட்டும்.”